சென்னை வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற புல்வெட்டி: புதிதாக வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

புதிதாகப் புல்தரை அமைத்தவர்களில் பலர், புல் கணுக்காலைத் தொடும் உயரத்துக்கு வளர்ந்த பிறகே புல்வெட்டும் இயந்திரத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். அந்த அவசரத்தில் கடைக்குப் போனால், கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டும் இயந்திரமோ, இணையத்தில் அன்று தள்ளுபடியில் கிடைக்கும் இயந்திரமோ வீட்டுக்கு வந்து சேர்கிறது. சில மாதங்களில் அது கார் நிறுத்துமிடத்தின் மூலையில் தூசி படிந்து நிற்க, தோட்டக்காரர் பழையபடி கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். புல்தரை எவ்வளவு பெரியது, அதில் இருப்பது என்ன புல், அடியில் இருப்பது எப்படிப்பட்ட நிலம், வெட்டப்போவது யார் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகுதான் விலையைப் பார்க்க வேண்டும். சென்னையில் தனி வீட்டில் வசிப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த விடைகள் காட்டுவது, மோட்டார் இல்லாத, கையால் தள்ளும் உருளைப் புல்வெட்டியாகத்தான் இருக்கும் என்பது என் உறுதியான கருத்து. அது யாருக்குப் பொருந்தாது என்பதையும் கீழே சொல்கிறேன்.

மனையை அல்ல, புல்லை அளக்க வேண்டும்

சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். அதில் வீடு, கார் நிறுத்தும் இடம், கிணறு அல்லது தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவரை ஒட்டிய நடைபாதை, செடிப் பாத்திகள் ஆகியவற்றைக் கழித்துவிட்டால், புல்லுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் சில நூறு சதுர அடிதான். ஆகவே முதல் வேலையாக, அளவு நாடாவை எடுத்துப் புல் இருக்கும் பரப்பை மட்டும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பரப்பு கோணலாக இருந்தால், அதை இரண்டு மூன்று செவ்வகங்களாகப் பிரித்து அளந்து கூட்டினால் போதும்.

அந்தப் பரப்பை வெட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் வீட்டிலேயே கணக்கிட்டுவிடலாம். 12 அங்குல, அதாவது 30 செ.மீ. அகலத்துக்கு வெட்டும் இயந்திரத்தை, முந்தைய தடத்தின்மேல் 5 செ.மீ. படியுமாறு தள்ளிச் சென்றால், ஒவ்வொரு தடத்திலும் புதிதாக வெட்டப்படுவது 25 செ.மீ. அகலம். நிதானமாக நடந்து நிமிடத்துக்கு 40 மீட்டர் கடந்தால், ஒரு நிமிடத்தில் 10 சதுர மீட்டர் முடியும். 500 சதுர அடிப் புல்தரை என்பது சுமார் 46 சதுர மீட்டர். திரும்புவதற்கும் ஓரங்களைச் சரிசெய்வதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்துக்கொண்டாலும், பத்துப் பதினைந்து நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். இந்த அளவுக்கு 21 அங்குல பெட்ரோல் இயந்திரம் வாங்குவது பணத்தையும் இடத்தையும் வீணாக்குவதாகும். பூச்செடிகளுக்கு நடுவே அதைத் திருப்பவும் முடியாது.

என் கணிப்பில், 1,500 சதுர அடி வரையிலான புல்தரைக்கு 12 முதல் 14 அங்குல அகலம் போதுமானது. அதற்கு மேல் 5,000 சதுர அடி வரை 15 அல்லது 16 அங்குல இயந்திரம் ஏற்றது. நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கத்துப் பண்ணை வீடுகள், பள்ளி மைதானங்கள், பெரிய அடுக்ககங்களின் பொதுத் தோட்டங்கள் போன்றவற்றுக்குத்தான் 18 அங்குலமும் அதற்கு மேலும் தேவைப்படும். அளக்கும்போதே, இயந்திரம் புல்தரைக்குப் போகும் வழியையும் அளந்துகொள்ளுங்கள். வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் மோட்டார் பம்பும் எரிவாயு சிலிண்டரும் இருந்தால், அகலமான இயந்திரம் ஒவ்வொரு முறையும் வீட்டுக்குள் புகுந்துதான் தோட்டத்துக்குப் போக வேண்டியிருக்கும். மொட்டை மாடியில் புல் வளர்ப்பவர்கள் படிக்கட்டில் தூக்கிச் செல்லக்கூடிய எடையை மட்டுமே நினைக்க வேண்டும். மாடியில் நூறு சதுர அடிப் புல்லுக்குப் புல்வெட்டும் கத்தரியே போதும்.

உங்கள் வீட்டுப் புல் எது?

இந்தக் கேள்வியைக் கடையில் யாரும் கேட்பதில்லை, ஆனால் இயந்திரத்தின் வகையைத் தீர்மானிப்பதே இதுதான். புல்லுக்குப் புல் இலையின் அகலமும் கடினமும், வெட்ட வேண்டிய உயரமும் மாறுகின்றன.

அருகம்புல்லும் அதன் தேர்ந்த வகைகளும் முழு வெயிலில் நன்றாக வளர்பவை. ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்தும் மரபு இந்தப் புல்லின் இயல்பைச் சரியாகவே சொல்கிறது: இது தரைக்கு மேலும் தரைக்கு அடியிலும் கொடி ஓடி, ஒவ்வொரு கணுவிலும் வேர் பிடித்துப் பரவுகிறது. அதனால் தாழ்வாக வெட்டினாலும் விரைவில் மீண்டுவிடும். 2.5 முதல் 4 செ.மீ. உயரத்தில் வைத்திருந்தால் அடர்ந்து, கம்பளம் விரித்ததுபோல் அமையும். இதற்கு உருளைப் புல்வெட்டியைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

நர்சரிகளில் கொரியன் புல் என்று கேட்டு வாங்கும் நுண்ணிய இலைப் புல் மெதுவாக வளரும். மெதுவாக வளர்கிறது என்பதற்காக வெட்டாமலே விட்டுவிட்டால், மேடும் பள்ளமுமாகத் திரண்டு, அடியில் காய்ந்த நார் மெத்தைபோல் சேர்ந்துவிடும். அப்படி மேடு தட்டிய புல்லின்மேல் சுழல்கத்தி இயந்திரத்தை, அதாவது மோட்டார் விசையில் விசிறிபோல் சுழலும் கத்தி கொண்டதை, ஓட்டினால், மேடுகளின் தலை வழிக்கப்பட்டு, பழுப்பு நிறத் திட்டுகள் தெரியும். தொடக்கத்திலிருந்தே உருளைப் புல்வெட்டியால் ஒரே உயரத்தில் வெட்டிவந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது. ஆனால் இந்தப் புல்லின் இலை கடினமானது, கத்தியைச் சீக்கிரம் மழுக்கும். ஆகவே சாணை பிடிக்கும் வசதி அருகில் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சற்றே அகன்ற இலையுள்ள மெக்சிகன் புல்லுக்கும் ஏறத்தாழ இதே அணுகுமுறைதான்.

மாமரம், வேப்பமரம் போன்றவற்றின் நிழலில் பலர் வளர்க்கும் பஃபலோ புல் இவற்றிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. அகன்ற இலையும் தடித்த கொடியும் கொண்ட இதை 5 முதல் 7 செ.மீ. உயரத்தில் வைத்திருப்பதே நல்லது. வீட்டுக்கென விற்கப்படும் உருளைப் புல்வெட்டிகளில் பல அந்த உயரத்துக்கு ஏற்றி வைக்க முடியாதவை. தடித்த கொடி கத்திகளுக்கு இடையே சிக்கித் தள்ளுவதையே கடினமாக்கிவிடும். உங்கள் வீட்டில் இருப்பது இந்தப் புல் என்றால், சிறிய பரப்பாக இருந்தாலும் மின்சாரச் சுழல்கத்தி இயந்திரத்தைத்தான் வாங்க வேண்டும்.

எந்தப் புல்லாக இருந்தாலும், ஒரே வெட்டில் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. 3 செ.மீ. உயரத்தில் புல்தரையை வைத்திருக்க விரும்பினால், 4.5 செ.மீ. வளர்ந்ததுமே வெட்டிவிட வேண்டும். சென்னை ஆண்டு முழுவதும் பெறும் ஏறத்தாழ 1,400 மி.மீ. மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. ஐப்பசி அடைமழைக்கு நடுவே வெயில் எட்டிப் பார்க்கும் நாட்களில் அருகம்புல்லுக்கு வாரம் ஒரு வெட்டாவது வேண்டும். தை, மாசியில் வளர்ச்சி குறையும்போது இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை போதும். கோடையில் நீங்கள் ஊற்றும் தண்ணீரின் அளவே வளர்ச்சியைத் தீர்மானிக்கும். மழைக்கால வேகத்துக்கு ஈடுகொடுத்து வாரந்தோறும் வெட்ட முடியாதவர்களுக்கு உருளைப் புல்வெட்டி பொருந்தாது. ஏனெனில் நெடிது வளர்ந்த புல்லை அது வெட்டாமல் முன்பக்கமாகச் சாய்த்துவிட்டு மேலே உருண்டு போய்விடும். அடிக்கடி வெளியூர் செல்பவர்கள் இதை நன்கு யோசிக்க வேண்டும்.

நிலமும் மண்ணும்

அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் மண் பெரும்பாலும் மணற்பாங்கானது. மழை நின்றதும் தண்ணீர் வடிந்துவிடுவதால், அங்கே சீக்கிரமே புல்வெட்ட இறங்கிவிடலாம். ஆனால் கத்தியில் மணல் படும்போது முனை தேயும். உப்புக் காற்றில் இரும்புத் தகட்டு அடிப்பகுதி துருப்பிடிக்கும். அங்கிருப்பவர்கள் அலுமினியம் அல்லது தடித்த பிளாஸ்டிக் உடல் கொண்ட இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் போன்ற களிமண் பகுதிகளில் மழைக்குப் பின் பல நாட்கள் தரை இளகியே இருக்கும். அந்த ஈரத்தில் கனமான இயந்திரத்தை உருட்டினால் சக்கரத் தடம் பள்ளமாகப் பதிந்து, காய்ந்த பிறகு கல்போல் இறுகிவிடும். எடை குறைந்த இயந்திரத்துக்கே அங்கு முன்னுரிமை. கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் வட்டாரத்தில் பாறைப் படிவம் மேலேயே இருப்பதால், மேல்மண் கொட்டிப் புல் பதித்த இடங்களில்கூடச் சிறு கற்கள் மேலெழும்பி வரலாம். உருளைக் கத்திக்கு ஒரு சிறு கல்லே பெரும் எதிரி.

நான்கு வகை இயந்திரங்கள்

உருளைப் புல்வெட்டியை 1830ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் உருவாக்கினார். கம்பளித் துணியின் மேற்பரப்பில் எழும்பி நிற்கும் இழைகளைச் சீராக நறுக்கும் ஆலை இயந்திரத்திலிருந்துதான் அவருக்கு இந்த எண்ணம் கிடைத்தது. அடிப்படை அமைப்பு இன்றுவரை மாறவில்லை. தள்ளும்போது சக்கரங்கள் சுழல, அவற்றோடு பல்சக்கரங்களால் இணைக்கப்பட்ட, பெரும்பாலும் ஐந்து வளைந்த கத்திகள் கொண்ட உருளை சுழன்று, கீழே அசையாமல் நிற்கும் அடிக்கத்தியோடு உரசிப் புல்லைக் கத்தரிக்கிறது. மற்ற மூன்றான மின்சார, பேட்டரி, பெட்ரோல் இயந்திரங்கள் பெரும்பாலும் சுழல்கத்தி வகை; அவற்றிலோ கத்தி அதிவேகத்தில் சுழன்று, அந்த வேகத்தின் விசையாலேயே புல்லை அடித்து அறுக்கிறது. கத்தி மழுங்கியிருந்தால் இலை நுனி நார்நாராகக் கிழிந்து, சித்திரை வெயிலில் ஓரிரு நாட்களிலேயே புல்தரை முழுவதும் வெளிறித் தெரியும். உருளையால் வெட்டிய புல்லின் நுனி சீராக இருப்பதால் ஈரம் இழப்பது குறைவு. கோடை கடுமையான நம் ஊருக்கு இது சிறிய நன்மையல்ல. மின்சாரமும் எரிபொருளும் வேண்டாம், ஓசையும் மிகக் குறைவு. அதிகாலையில் பக்கத்து வீட்டாரை எழுப்பாமல் வேலையை முடித்துக்கொள்ளலாம்.

இதைப் பராமரிப்பதும் எளிது. ஒரு துண்டுத் தாளை உருளைக்கும் அடிக்கத்திக்கும் நடுவே வைத்து, விரல்களை விலக்கிப் பிடித்துக்கொண்டு உருளையைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். தாள் முழு அகலத்திலும் சுத்தமாக வெட்டுப்பட்டால் கத்தி நன்றாக இருக்கிறது. மடங்கினாலோ கிழிந்தாலோ இரு பக்கத்துத் திருகாணிகளையும் சிறிது சிறிதாகத் திருகி இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். அப்போதும் வெட்டவில்லை என்றால், புதுப்பேட்டை போன்ற இடங்களில் வாகன உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டைக் கத்திகளில் தடவி, உருளையைப் பின்புறமாகச் சுழற்றித் தீட்டலாம்.

மின்சார இயந்திரம் வாங்குபவர்கள் இயந்திரத்தைப் பார்க்கும் முன்பே வீட்டு மின் இணைப்பைப் பார்க்க வேண்டும். 1,400 வாட் மோட்டார் 230 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர் எடுக்கும். 1,600 வாட் என்றால் ஏறத்தாழ 7 ஆம்பியர். ஆகவே விசிறிக்கும் விளக்குக்கும் போட்ட சிறிய பிளக் பாயிண்டில் இதை மாட்டக் கூடாது. ஏ.சி.க்கும் கீசருக்கும் போடுவதுபோன்ற 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று தோட்டத்தை நோக்கிய பக்கத்தில் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயர் குறைந்தது 1.5 சதுர மி.மீ. தாமிரக் கம்பியாக, எர்த் உட்பட மூன்று கம்பி கொண்டதாக இருக்கட்டும். மீட்டர் போர்டில், மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தப்பட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதிசெய்யாமல் இந்த இயந்திரத்தை வாங்காதீர்கள். கத்தி தவறுதலாக ஒயரை அறுத்துவிட்டால் உயிரைக் காப்பது அந்தச் சிறிய பெட்டிதான். ஈரப் புல்லில் மின்சார இயந்திரத்தை ஓட்டவே கூடாது என்பதால், மழைக்காலத்தில் தரை காயும் நாளுக்காகக் காத்திருக்க நேரும். மின் கட்டணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை: 1,500 வாட் இயந்திரம் அரைமணி நேரம் முழு வேகத்தில் ஓடினாலும் முக்கால் யூனிட்தான்.

பேட்டரி இயந்திரத்தில் ஒயர்த் தொல்லை இல்லை. ஆனால் பெட்டியின்மேல் அச்சிட்ட வோல்ட் எண்ணை மட்டும் பார்த்து மயங்காமல், வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கிப் பாருங்கள். 36 வோல்ட், 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 144 வாட்-மணி மின்சாரம். மோட்டார் 500 வாட் எடுத்தால் அது 17 நிமிடங்களில் தீர்ந்துவிடும். முன்பு கணக்கிட்ட வெட்டும் நேரத்தோடு இதை ஒப்பிட்டால், ஒரு பேட்டரி போதுமா இரண்டு வேண்டுமா என்பது தெரிந்துவிடும். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. அக்னி நட்சத்திர நாட்களில் தகரக் கொட்டகையில் வைக்காமல், வீட்டுக்குள் நிழலான அறையில் கழற்றி வையுங்கள்.

பெட்ரோல் இயந்திரம் பெரிய பரப்புக்கும், பிளக் பாயிண்ட் எட்டாத இடத்துக்கும் உரியது. வேறு காரணத்துக்காக அதை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் இரைச்சல் அதிகம். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் நேரத்தில் 55 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. இயந்திரத்தின் அருகே எழும் ஓசை அதைவிடப் பல மடங்கு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சென்னையின் புழுக்கத்தில் மாதக்கணக்கில் டேங்கிலேயே விட்டுவைத்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொண்டு, அடுத்த முறை இயந்திரம் கிளம்பாது. நீண்ட நாள் ஓட்டப்போவதில்லை என்றால் பெட்ரோலை வடித்துவிட வேண்டும். இன்ஜின் ஆயிலைக் கையேட்டில் சொன்ன மணிக்கணக்கில் மாற்ற வேண்டும். கத்தியைத் தொடும் எந்த வேலைக்கும் முன்பு ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்ற வேண்டும்.

நீண்ட தண்டின் முனையில் கத்தி சுழலும், கையில் பிடித்து வீசும் பிரஷ் கட்டரைப் புல்வெட்டிக்கு மாற்றாக நினைப்பவர்களும் உண்டு. காலி மனையில் இடுப்பளவு வளர்ந்த களையை அடிக்க அது அருமையான கருவி. ஆனால் புல்தரையை ஒரே உயரத்தில் வெட்ட அதனால் முடியாது.

யார் வெட்டப்போகிறார்?

மாதம் இருமுறை வரும் தோட்டக்காரர்தான் இயந்திரத்தைத் தள்ளப்போகிறார் என்றால், வாங்கும் முன் அவரிடம் கேளுங்கள். சிலர் சொந்தமாகவே இயந்திரம் கொண்டுவருகிறார்கள். அப்படியானால் உங்களுக்குச் செலவே இல்லை. நீங்கள் வாங்கித்தான் தர வேண்டும் என்றால், கடைக்கு அவரையும் அழைத்துச் சென்று தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பிடியின் உயரம் அவருக்குப் பொருந்த வேண்டும். வயதானவர் தாமே வெட்ட விரும்பும் வீட்டில் எடையே முதல் அளவுகோல். அடுக்ககங்களில் குடியிருப்போர் சங்கம் பொதுவாக ஓர் இயந்திரம் வாங்கினால், அதன் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்து, பராமரிப்புக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் வைப்பது நல்லது.

பணக் கணக்கும் கடையில் பார்க்க வேண்டியவையும்

உருளைப் புல்வெட்டி சில ஆயிரம் ரூபாயில் கிடைத்துவிடும். மின்சார இயந்திரங்கள் பத்தாயிரத்தையொட்டித் தொடங்கி மேலே போகின்றன. பேட்டரி இயந்திரத்துக்கு அதைவிடக் கூடுதலாகவும், நல்ல பெட்ரோல் இயந்திரத்துக்குப் பல பத்தாயிரங்களும் தேவைப்படும். விலைப்பட்டியலில் இல்லாத செலவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மின்சாரத்துக்கு ஒயர், ஆர்.சி.சி.பி.; பேட்டரிக்குச் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிய பேட்டரியின் விலை; பெட்ரோலுக்கு ஆயில், ஃபில்டர், ஆண்டு சர்வீஸ்; எல்லாவற்றுக்கும் சாணை. கையில் இருக்கும் பணம் குறைவு என்றால், மலிவான பெட்ரோல் இயந்திரத்தைவிடத் தரமான உருளைப் புல்வெட்டியே நீண்ட காலம் உழைக்கும்.

இணையத்தில் விலை குறைவாக இருந்தாலும், முதல் இயந்திரத்தை நேரில் பார்த்து வாங்குவதே சிறந்தது. பாரிமுனைப் பகுதியின் கருவிக் கடைகளிலும், நகரின் தோட்டக் கருவிக் கடைகளிலும் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லலாம். உயரம் மாற்றும் அமைப்பை நீங்களே இயக்கிப் பாருங்கள். உருளையைச் சுழற்றித் தாள் சோதனையைச் செய்து பாருங்கள். மாற்றுக் கத்தியும் சக்கரமும் சென்னையிலேயே கிடைக்குமா, சர்வீஸ் மையம் எங்கே இருக்கிறது, அடுக்ககத்தில் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வரிசை எண் குறித்த பில்லை வாங்குங்கள்.

முதல் வெட்டு

இயந்திரம் வந்த நாளன்றே புல்லின்மேல் ஏற்றிவிடாதீர்கள். காய்ந்த தென்னை மட்டை, வேப்பங்குச்சி, கல், பிள்ளைகள் விட்டுப்போன பொம்மை ஆகியவற்றைப் பொறுக்கிவிட்டு, தண்ணீர்க் குழாயின் தெளிப்பான் தலைகள் இருக்கும் இடத்தில் அடையாளக் குச்சி நட்டுவையுங்கள். செருப்பு வேண்டாம், மூடிய காலணி அணியுங்கள். மோட்டார் இயந்திரம் என்றால் கண்ணாடியும் அவசியம், குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். பனியும் ஈரமும் உலர்ந்த பிறகு, மாலை வெயில் தாழும் நேரத்தில், இருப்பதிலேயே அதிக உயரத்தில் வைத்து ஒருமுறை வெட்டுங்கள். புல் அளவுக்கு மீறி வளர்ந்திருந்தால், நான்கைந்து நாள் இடைவெளி விட்டு ஒவ்வொரு படியாக உயரத்தைக் குறைத்து, நீங்கள் விரும்பும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். வெட்டி முடித்ததும், மின்சார இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அல்லது பேட்டரியைக் கழற்றிவிட்டு, அடியில் ஒட்டிய புல்லைக் குச்சியால் சுரண்டி, கத்தியை உலர்ந்த துணியால் துடைத்துச் சிறிது எண்ணெய் தடவி வையுங்கள்.